பனிமலையில் வந்த சர்க்கரைப் பயம்

போர்க்காலத்தில், இராஜபாளையம் பஞ்சாலை வேலையை விட்டுவிட்டு ராணுவ ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்தேன். வடமேற்கு எல்லையில், பனி விழும் ஒரு மலைக்கு அனுப்பினார்கள். அதுவரை நான் அறிந்த குளிரெல்லாம் மார்கழி மாதத்துக் கிணற்றடியோடு சரி. அங்கே விட்ட மூச்சு மீசையிலேயே உறைந்தது. பல் கிடுகிடுத்ததில் முதல் வாரம் யார் என்ன பேசினார்கள் என்றே புரியவில்லை.

கூட வந்தவன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். அவனுடைய அத்தா, அதாவது அப்பா, அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்து, சர்க்கரை வியாதியில் இறந்துபோனவர். ரயிலில் ஏறியதிலிருந்து வாய் ஓயாமல் பேசிவந்தவன், மலைக்கு வந்த பத்தே நாளில் ஊமையாகிவிட்டான். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றான். தன் பங்கு வெல்லத்தை என் தட்டில் வைத்தான். நானும் காரணம் கேட்காமல் தின்றேன்.

ஒரு காலை, ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடித்து வந்தவன் அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டான். நல்லவேளை, அதில் இருந்தவை கம்பளிகள்தான்.

"என்னலே செய்யுது?"

"யாருகிட்டயும் சொல்லிராத. ஓயாம ஒண்ணுக்குப் போறேன். எம்புட்டுத் தின்னாலும் பசிக்குது. எங்க அத்தாவுக்கும் இப்படித்தாம்ல ஆரம்பிச்சுது. அதான் தண்ணியக் கொறச்சுப் பாத்தேன்."

"எனக்குந்தாம்ல பசிக்குது."

"ஒங்க வீட்டுல யாரும் இதுல சாகலையே."

அவன் கண் கலங்கியிருந்தது. தின்ற வெல்லமெல்லாம் எனக்கு அப்போதுதான் கசந்தது. அவன் தடுத்தும் கேட்காமல் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். சென்னைக்காரரான அவர், சிறுநீரைச் சோதிக்கும் வேலையை என்னிடமே கொடுத்தார். நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போய்விடும். ஸ்பிரிட் விளக்கின் மேல் குழாயைப் பிடித்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலோரம் நின்றான்.

மருந்து கொதித்தது. நீலம் நீலமாகவே இருந்தது.

"இங்க வாலே, வந்து நீயே பாரு" என்றேன்.

டாக்டர் அவனை உட்காரவைத்து விளக்கினார். "குளிர்ல தோலுக்குப் போற ரத்தக் குழாய் சுருங்கிடுது. ரத்தமெல்லாம் உள்ளே வந்து சேருது. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. தண்ணியப் பிடிச்சு வைன்னு சிறுநீரகத்துக்குச் சொல்றது அதோட ஹார்மோன்தான். உள்ளே ரத்தம் நிறைஞ்சிருக்குன்னு நினைச்சு அது சுரப்பைக் குறைச்சுடுது. அதான் நீ ஒண்ணுக்கு ஓடிக்கிட்டே இருக்கே. சர்க்கரை இல்லை."

"அப்ப பசி, சார்?"

"உடம்பு தன்னைச் சூடா வச்சுக்க வேண்டாமா? அதுக்குச் சாப்பாட்டை வேகமா எரிக்குது, அதான் பசி. எரிக்கிறதுக்குச் சிறுநீரகத்து மேல இருக்கிற சுரப்பிகள் உதவுது. கழுத்துல இருக்கிறதும் உதவுதுன்னு சொல்றாங்க. அது எவ்வளவுன்னு எனக்கும் சரியாத் தெரியாது. நீ தண்ணியக் குறைச்சதுதான் தப்பு. நல்லாக் குடி."

அன்று அவன் மூன்று கரண்டி சர்க்கரை போட்டு டீ குடித்தான். மறுபடி பேசவும் தொடங்கினான். அதற்குப் பிறகு அவனை நிறுத்த எந்த டாக்டராலும் முடியவில்லை.

இரண்டாம் மாதத்தில் நடுக்கம் தானாகவே குறைந்தது. உடம்பு எதையோ கற்றுக்கொண்டிருந்தது, எங்களைக் கேட்காமலே.

போர் முடிந்து, ஒரு மார்கழியில் ஊர் திரும்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் எல்லோரும் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருக்க, நாங்கள் இருவரும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டு இறங்கினோம். அழைத்துப்போக வந்திருந்த அவன் அம்மா, மகன் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவனுக்கு மேலுக்குச் சொகமில்லையாப்பா?"

"நல்லாத்தான் இருக்கான் அம்மா. கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்றேன்.

தை முடிவதற்குள் நாங்களும் துண்டு கட்டிக்கொண்டோம்.