வாத்தியார் வண்டி ஸ்டார்ட் ஆகாத காலை

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மந்தைவெளி அபார்ட்மென்டில் ஒரு கார் படுத்துவிட்டது. என் கார் இல்லை. என் கார் படுக்காது. படுத்தாலும் ரெண்டே நிமிஷத்தில் எழுப்பிவிடுவேன். அதற்கென்று ஒரு டப்பா வைத்திருக்கிறேன்.

படுத்தது எதிர் ஃபிளாட் சேவியர் வாத்தியாரின் கார்.

அதற்கு முன்னால் டப்பா கதை. அதைச் சொல்லாவிட்டால் மீதி புரியாது.

பழைய வாசகர்களுக்கு என்னைத் தெரியும். புதுசாக வந்தவர்களுக்காக ஒரே ஒரு தடவை... பனகல் பார்க் பிளாட்பாரத்தில் கர்ச்சீப் விற்றவன் நான். பள்ளிக்கூடம் ஆறாம் கிளாஸோடு சரி. இன்று தி.நகரில் கை நீட்டிக் காட்ட மூன்று கடை இருக்கிறது. எவன் தயவும் இல்லாமல் வந்தது. இதையே வாரா வாரம் சொல்கிறேன் என்று சில பேருக்குக் குறை. வேறு என்ன செய்ய? பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள எனக்கு டிகிரியா இருக்கிறது?

கோடையில் ஒருநாள் அடையாறில் பேங்க் வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். உள்ளே டோக்கன் நம்பர் நகரவே இல்லை. திரும்பி வந்து காரில் உட்கார்ந்து, ஃபேனைப் போட்டுக்கொண்டு, ரேடியோ கேட்டுக்கொண்டு... ஆமாம், இன்ஜினை ஆன் பண்ணாமல்தான். பெட்ரோல் என்ன சும்மாவா வருகிறது? நம் நம்பர் வந்து, வேலை முடிந்து, சாவியைத் திருகினால் — டிக். டிக். டிக். அவ்வளவுதான், பேட்டரி காலி.

முன்பெல்லாம் வண்டி நின்றுபோனால் ஒரு குரல் கொடுத்தால் போதும். டீ குடிப்பவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வருவான். ஆட்டோக்காரர் வருவார். "தள்ளு... தள்ளு... ஆங், செகண்டு போடு நைனா!" கிளம்பின பிறகு ஜன்னலில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார்கள். யார், எவர் என்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

இப்போது என்னுடையது கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. ஊரே சேர்ந்து தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. சரி, ஒரு மெக்கானிக் இருக்கும் இடமாவது கேட்போம் என்று போகிற பையன் ஒருவனை நிறுத்தினேன். காதில் இருந்ததைப் பிடுங்காமலே சொன்னான்:

"சாரி அங்கிள், சேஞ்ச் இல்ல."

மூன்று கடை முதலாளிக்கு!

அன்றைக்கே முடிவு பண்ணினேன், இனி ரோட்டில் ஒருத்தன் முகத்தைப் பார்த்து நிற்கக் கூடாது என்று. மறுநாளே ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கிவிட்டேன். டிபன் பாக்ஸ் அளவு டப்பா. அதிலிருந்து சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், நுனியில் முதலை வாய் மாதிரி கிளிப். செல்போன் மாதிரி சார்ஜ் போட்டு வைத்துக்கொள்ள வேண்டியது. வண்டி படுத்தால் சிவப்பை பேட்டரியின் ப்ளஸ்ஸில் கவ்வ விடணும், கறுப்பை மைனஸில். பச்சை லைட் எரிந்ததும் சாவியைத் திருகினால் இன்ஜின் எழுந்துவிடும். உடனே கிளிப்பைக் கழற்றிவிட வேண்டும். முடிந்தது. தள்ள ஆள் வேண்டாம், பக்கத்தில் இன்னொரு வண்டி வேண்டாம். எவன் தயவும் வேண்டாம்.

நான் என்றைக்கும் சொல்கிற அதே வார்த்தை, பாருங்கள். கண்டுபிடித்தவன் என்னை மனதில் வைத்துத்தான் செய்திருப்பான்.

ஒரே சங்கடம். வாங்கினதிலிருந்து என் வண்டி படுக்கவே இல்லை. நான் வியாபாரி. சரக்கு சும்மா கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. லிஃப்ட்டில் வருகிறவர்களிடம் எல்லாம், "வண்டி எப்படி? காலையில ஒழுங்கா ஸ்டார்ட் ஆகுதா?" என்று விசாரிக்க ஆரம்பித்தேன். சிரித்துவிட்டு செல்போனைப் பார்ப்பார்கள். சேவியர் வாத்தியார் மட்டும்தான் முகத்துக்கு நேரே சொன்னார்:

"முதலாளி, நீங்க கேக்கிறதைப் பார்த்தா, படுத்த படுக்கையா இருக்கிறவன் வீட்டு வாசல்ல சங்கை வெச்சுக்கிட்டு நிக்கிறவன் மாதிரி இருக்கு."

என்னை அப்படிப் பேச இந்த மெட்ராஸில் அவர் ஒருத்தருக்குத்தான் உரிமை.

வாத்தியார் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். மனைவி போன பிறகு தனியாக இருந்தார். என் வீட்டிலும் அதே கதை. என் மகன் குடும்பத்தோடு பெருங்குடியில் பெரிய வீட்டில் இருக்கிறான். ஆபீஸ் அங்கே. "வந்துடுங்கப்பா" என்று கூப்பிட்டான்தான். முதல் இரண்டு தடவை நான் மறுத்தேன். மூன்றாவது தடவை சரி சொல்லலாம் என்று இருந்தேன். அவன் இன்னும் கேட்கவில்லை.

சாயங்காலமானால் நானும் வாத்தியாரும் எங்கே உட்காருவது? எங்கள் அபார்ட்மென்டில் கீழே நான்கு நாற்காலி இருந்தது. இடத்தை அடைக்கிறது என்று மீட்டிங் போட்டு எடுத்துவிட்டார்கள். அதனால் வாத்தியாருடைய காரில் உட்காருவோம். சிரிக்காதீர்கள். பார்க்கிங்கில் நிற்கிற காரில், ஜன்னலை இறக்கிவிட்டு, ரேடியோவைப் போட்டுக்கொண்டு, அவர் ஸ்டியரிங் பக்கம், நான் இந்தப் பக்கம். ரெண்டு பெரிய மனுஷர்கள், எங்கேயும் போகாத வண்டியில். வாட்ச்மேன் கோபால் தினமும் கேட்பான்: "இன்னா சார், எந்த ஊருக்கு பிரயாணம்?"

"இன்னைக்கு ஊட்டி" என்பார் வாத்தியார்.

நான் எழுதுகிற இந்தப் பத்தியை வாத்தியார் முதலில் படிப்பதும் அந்த சீட்டில்தான். "பெருமை கொஞ்சம் தூக்கல்" என்பார். "உப்பும் பெருமையும் தூக்கலா இருந்தாத்தான் ருசி" என்பேன்.

அந்த வாத்தியார் திருச்சிக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. மகள் வீடு. பேத்தி பத்தாவது, கணக்கு வரவில்லையாம். தாத்தா வந்தால்தான் ஆச்சு என்று அழுகிறதாம். அதைச் சொல்லும்போது வாத்தியாருக்கு முகத்தில் பத்து வயசு குறைந்துவிட்டது. யாருக்குத்தான் குறையாது? இந்த வயசில் நம்மிடம் ஒருத்தர் "நீ வந்தாத்தான் ஆகும்" என்று சொல்வது லேசான விஷயமா?

மருமகன் பிரகாஷ் சனிக்கிழமை வந்தான். காரையும் மாமனாரையும் சேர்த்துக் கொண்டுபோகத் திட்டம். மேலே அவன் பெட்டி கட்டிக்கொண்டிருக்க, நாங்கள் கீழே வழக்கம்போல் காரில். அன்றைக்கு இரண்டு பேருக்கும் எழுந்திருக்க மனசில்லை. ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. உள்ளே லைட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

புரிந்திருக்குமே... ஞாயிறு காலை அந்த வண்டி ஏன் படுத்தது என்று?

மழை வேறு. பிரகாஷும் கோபாலும் தள்ளிப் பார்த்தார்கள். தெருவில் பாதிக்கு மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்திருக்கிறது. வேகம் பிடிக்க இடம் எங்கே? மெக்கானிக்குக்குப் போன் போட்டால் சாயங்காலம்தான் வருவானாம். தீபாவளி கூட்டம், ரயிலில் இடம் இல்லை. பிரகாஷுக்கு நைட் டூட்டி, போயே ஆக வேண்டும்.

"இப்ப கிளம்பலைன்னா நான் பஸ்ஸைப் பிடிச்சு நின்னுக்கிட்டாவது போயிடறேன் மாமா. உங்களை கிறிஸ்துமஸ் லீவுல வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான்.

கிறிஸ்துமஸ்! எனக்கு உள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்த மாதிரி நிம்மதி. இன்னும் இரண்டு மாசத்துக்கு ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் போகலாம்.

வாத்தியார் காருக்குள்ளிருந்து கத்தினார். "முதலாளி! என்ன வேடிக்கை பார்க்கிறீங்க? டப்பாவை எடுத்துட்டு வாங்க. உங்க சங்குக்கு வேலை வந்தாச்சு!"

எடுத்து வந்தேன். சிவப்பை ப்ளஸ்ஸில் போட்டேன். கறுப்பை மைனஸில். பச்சை எரியவில்லை. சிவப்பு லைட் கண்ணடித்தது, பீப் பீப் என்றது. மறுபடி மாட்டினேன். அதே பீப் பீப்.

"இன்னா சார், டப்பா டுபாக்கூரா கீது?" என்றான் கோபால்.

கிளிப்பின் வாயைத் திறந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆயுத பூஜை!

எனக்கு உழைக்கிற எதையும் நான் பூஜையில் விடுவதில்லை. கடைக் கத்தரிக்கோல், பில் மிஷின், ஷட்டர் பூட்டு எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. இந்த வருஷம் புதுசாக வந்த டப்பாவை மட்டும் விடுவேனா? டப்பா மேலே வைத்தால் போதாது, கடிக்கிற வாயில்தானே சக்தி இருக்கிறது என்று கிளிப்பின் பல்லுக்குள்ளேயே சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தேன். அது காய்ந்து சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. கரண்ட் எப்படிப் பாயும்?

நான் குனிந்தபடியே நின்றேன். பிரகாஷ் செல்போனில் பஸ் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தனத்தைப் பார்த்தது நான் மட்டும்தான். பேசாமல் மூடி வைத்தால் போதும். மூன்று கடை முதலாளியின் டப்பா டுபாக்கூர் என்று அபார்ட்மென்ட் முழுக்கப் பேசும். பேசட்டுமே என்று இருந்தது. எனக்கு! அப்படித் தோன்றியது!

"விடுங்க அங்கிள்" என்றான் பிரகாஷ். "மாமா, இறங்குங்க. பெட்டியை மேல வெச்சிடறேன்."

வாத்தியார் இறங்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்து வரை பட்டன், மடியில் பேத்திக்கு வாங்கின புது காம்பஸ் பாக்ஸ். "சரி மாப்பிள்ளை... போன்லயே சொல்லித் தர்றேன் பாப்பாவுக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, யாருக்கும் இல்லாமல், "வட்டத்தைப் போன்ல எப்படிப் போட்டுக் காட்டுறது..." என்றார்.

அந்தப் பாக்ஸைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

நான் வீட்டுச் சாவியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"என்ன அங்கிள் அது?"

"சந்தனம்" என்றேன்.

வாத்தியார் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "என்னது, சந்தனமா? கத்தோலிக்க பேட்டரிக்கு அதெல்லாம் செட் ஆகாது முதலாளி!" சிரிக்கிறார், சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. கோபாலும் சிரித்தான். நானும் சிரித்தேன். வேட்டி நுனியால் பல்லுப் பல்லாகத் துடைத்து, மறுபடி கவ்வ விட்டேன்.

பச்சை.

"திருகுங்க தம்பி" என்றேன். ஒரே திருகல். இன்ஜின் எழுந்துவிட்டது.

"வழியில டீ குடிக்க நிறுத்தினாலும் இன்ஜினை அணைக்காதீங்க. செங்கல்பட்டாவது தாண்டட்டும். பேட்டரி ஏறணும்" என்று பிரகாஷுக்கு நிறைய சொன்னேன். தேவைக்கு அதிகமாகவே சொன்னேன். வாத்தியார் என் கையைப் பிடித்து, "வர்றேன் முதலாளி" என்றார். 'போயிட்டு வாங்க' என்று சொல்ல வேண்டும். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வண்டி தகரத்தைச் சுற்றித் திரும்பி மறைந்தது.

"சூப்பர் சார்! செம வேலை செய்து உங்க டப்பா" என்றான் கோபால். எத்தனை மாசமாக இதைக் கேட்கக் காத்திருந்தேன்! காதில் விழுந்தது. அதற்கு மேல் இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் கால் அதுவாகக் கீழே இறங்கிவிட்டது. வாத்தியார் வண்டி நிற்கிற இடத்தில் தரை மட்டும் இருந்தது. என் காரிலேயே போய் உட்கார்ந்து, ஜன்னலை இறக்கி, ரேடியோவைப் போட்டேன். என் வண்டி அவருடையதைவிட நாலு மடங்கு உசத்தி. சீட்டெல்லாம் லெதர். ரெண்டு பாட்டுக்கு மேல் உட்கார முடியவில்லை. கோபால் வந்து பார்த்தான். எந்த ஊர் என்று கேட்கவில்லை.

ஒன்று சொல்லட்டுமா? எவன் தயவும் வேண்டாம் என்று வாங்கின சாமான்தான் இந்த டப்பா. ஆனால் இன்னொருத்தர் வண்டி படுத்தால்தான் அதை வைத்திருப்பதற்கே ஒரு அர்த்தம் வருகிறது. என்ன கணக்கு இது? வாத்தியாரைக் கேட்கலாம் என்றால் அவர் திருச்சியில் இருக்கிறார்.

புதன்கிழமை அவரே போன் பண்ணினார். பேத்தி கணக்கு நன்றாகப் போடுகிறதாம். காவிரித் தண்ணீர் ருசியாம்.

"வண்டி எப்படி?" என்றேன்.

"தங்கமா ஓடுது. மகள் தினமும் எடுக்கிறா."

"தினமும் எடுத்தா... படுக்காது" என்றேன்.

"படுத்தா உங்களைத்தான் கூப்பிடுவேன் முதலாளி. டப்பாவோட வந்துடணும்."

"ராத்திரி பகல் பார்க்க மாட்டேன்" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

திருச்சி என்ன சந்திரமண்டலமா, போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே என்பீர்கள். காரணம் இல்லாமல் ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நின்று எனக்குப் பழக்கமில்லை. வேலை என்று கூப்பிட்டால் போவேன். அப்படியே வளர்ந்துவிட்டேன்.

நீங்களும் ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்குங்கள். மாசம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். பொட்டு வைப்பதானால் டப்பாவுக்கு வையுங்கள், கிளிப்புக்கு வேண்டாம்.

நேற்று, வாத்தியார் வழக்கமாகப் போகிற மாதா கோயிலுக்கு நானே போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். வாத்தியார் சுகமாக இருக்கணும், பேத்தி நூற்றுக்கு நூறு வாங்கணும்... அந்த பேட்டரி மட்டும் சீக்கிரம் இறங்கணும்.