அக்காவை நான் கூட்டிப் போகவில்லை

அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் என் வணக்கம். அடக்கத்தன்று ஆம்பூரில் எங்கள் வீட்டு வாசலிலேயே, என் காதில் விழும்படி சிலர் பேசியதை நான் மறக்கவில்லை. "நோயாளிய லண்டனுக்கு இழுத்துக்கினு போய், ரயில் ஏத்தி அலைய வச்சா வேற இன்னா ஆவும்? தங்கச்சிதான் அக்காவ முடிச்சிட்டா." அன்று அழுகையில் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறேன். சாந்தமாக எழுதும்படி பெரியப்பா கேட்டுக்கொண்டார். முயன்று பார்த்தேன், வரவில்லை.

அக்கா ஆம்பூரில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில் பிறந்தவர். தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஒன்பது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அக்கா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, சூப்பர்வைசராக வெளியே வந்தார். என்னை வேலூரில் நர்சிங் படிக்க வைத்தார். தங்கைக்காகத் திருமணத்தையே தியாகம் செய்தார் என்று இங்கே எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா சொன்ன பதில் ஒன்றுதான்: "எனக்கு வேணாம்னு தோணுச்சு, வேணாம்னேன்." அதைத் தியாகமாக்கி அவரைப் பரிதாபத்துக்குரியவராக்க எனக்கு மனமில்லை.

அக்காவுக்கு ரயில் என்றால் உயிர். அந்தப் பைத்தியத்தை எனக்கும் பிடிக்க வைத்தவர் அவர்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரும் பாசஞ்சர் பிடித்து ஜோலார்பேட்டை போவோம். அங்கே எங்களுக்கு யாரும் கிடையாது. பிளாட்பாரத்தின் கடைசியில் உட்கார்ந்து, வடை தின்றபடி எஞ்சின் மாற்றுவதைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவோம். ஹாரன் சத்தத்தை வைத்தே என்ன வண்டி வருகிறது என்று சொல்லிவிடுவார். "பொம்பளப் புள்ளைங்களுக்கு ஸ்டேஷன்ல இன்னா வேல?" என்று பெரியப்பா கண்டித்தபோது, "வண்டி பாக்குற வேல பெரியப்பா" என்றார் அக்கா. அடுத்த ஞாயிறும் போனோம்.

நான் இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அக்கா மூன்று முறை வந்தார். "நான் தச்ச ஷூவெல்லாம் எனக்கு முன்னாடியே வந்து சேந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டேதான் முதல்முறை வந்து இறங்கினார். மறுநாள் காலையே எங்கள் சிற்றூர் நிலையத்துக்கு, வண்டி வர ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே, புளிசோறும் தண்ணீர் பாட்டிலுமாக என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி வந்து நின்றது. அக்கா கதவுக்கு நேராக நின்றார். நான் குனிந்து பைகளை எடுத்து நிமிர்வதற்குள் வண்டி போய்விட்டது. அங்கே கதவிலிருக்கும் பொத்தானைப் பயணிதான் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் கதவு திறக்காது. கதவை மூடிக்கொண்டு ஓடும் பாசஞ்சரை ஆம்பூரில் யார் பார்த்தது? முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. அக்கா சிரித்துச் சிரித்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடுவாங்கன்னு நின்னுக்கினு இருந்தோம் பாரு." அதன் பிறகு அங்கே எந்த வண்டியிலும் அவர் என்னைப் பொத்தானைத் தொட விட்டதில்லை.

இரண்டாம் முறை, ஓய்வு பெற்ற பெரியவர்கள் சேர்ந்து ஓட்டும் பழைய நீராவி ரயில் ஒன்றைப் பார்க்கப் போனோம். டிரைவர் எங்களை எஞ்சினிலேயே ஏற்றிக்கொண்டார். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கரி அள்ளிப் போட்டார். போகிற போக்கில் டிரைவரின் பூட்ஸைக் குனிந்து பார்த்து, தையல் பிரிந்திருக்கும் இடத்தையும் சுட்டிக்காட்டினார். ஊர் திரும்பியதும், "ராணி அரண்மனையப் பாத்தியா?" என்று கேட்டவர்களிடம், "அது எந்த லைன்ல இருக்குது?" என்று திருப்பிக் கேட்டார். முகமெல்லாம் கரியோடு அன்று எஞ்சினில் நிற்கும் படம்தான் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. பைபிளோடு இருக்கும் படத்தைப் போடச் சொன்னவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு புற்றுநோய் வந்தது. மருந்து இனி வலியைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது என்று மருத்துவர் அக்காவிடம் நேராகவே சொன்னார். பயணம் போகலாமா என்று கேட்டவர் அக்கா. ஆபத்தை விளக்கிவிட்டு, உங்கள் விருப்பம் என்றார் மருத்துவர். நர்ஸான நான்தான் பயந்தேன். பெரியப்பா அக்கா வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்து, "வேணாம்மா, வூட்லயே படுத்துக் கெடக்கட்டும்" என்றார். பக்கத்தில் இருந்த அக்கா அவரிடமிருந்து போனை வாங்கினார். "படுத்துக் கெடந்தா ஜாஸ்தி நாள் இருப்பேனா பெரியப்பா? எத்தினி நாள்னு சொல்லுங்க, யோசிக்கிறேன்." நான் ஊருக்கு வந்து அக்காவோடு புறப்பட்டேன்.

இங்கிலாந்தில் மூன்று வாரம் இருந்தார். திரும்பி வந்து நான்கு மாதம் வாழ்ந்தார். பார்க்க வந்தவர்களிடம் நோயைப் பற்றிப் பேசாமல், கடலை ஒட்டி ஓடிய ஒரு வண்டியைப் பற்றியே பேசினார். ஒரு விடியற்காலையில் எங்களை விட்டுப் பிரிந்தார். கல்லறைக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடிவிட்டது. "நேரங்காலம் தெரியாம கேட்டு போட்டுட்டானுங்க" என்று எல்லோரும் பேஜாரானார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு வண்டிகள் கடந்து போகும்வரை அக்கா அங்கே இருந்தார்.

கடைசி வாரங்களில் பெற்ற மகளைப் போல அக்காவைக் குளிப்பாட்டி, சோறூட்டிய கம்பெனித் தோழி நஸ்ரின் அக்காவுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். ஆயர் ஐயாவுக்கும், தையல் பிரிவுப் பெண்களுக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட செவிலியருக்கும் எங்கள் நன்றி. தினமும் வந்து ஜெபித்த பெரியப்பாவுக்கும் மனமார்ந்த நன்றி. அவர்மேல் இருக்கும் கோபம் வேறு, இது வேறு.

நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று மீதி இருக்கிறது. அந்தக் கடல் ரயிலுக்குக் கிளம்பிய காலையில், நாலடி வைப்பதற்குள் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அதே சிற்றூர் நிலையம்; தூறல் வேறு. எனக்குத் தைரியம் விட்டுப்போயிற்று. "வேணாம்க்கா, வூட்டுக்குப் போயிடலாம். உனக்கு எதுனா ஆச்சுன்னா ஊர்ல என்னைத்தான் சொல்லுவாங்க" என்றேன். வண்டி வந்து நின்றது. நான் அசையவில்லை. கதவு திறக்காமல் அது போய்விட்டால் போதும் என்றே நின்றேன். அக்கா கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, எட்டிப் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. உள்ளே ஏறி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ வர்றியாடி, இல்ல நான் மட்டும் போவட்டா?"

நான் அவர் பின்னால் ஏறினேன்.

— தங்கை