அக்கா கைக்குப் போன தட்டு

கொழும்பில் குண்டு வெடிப்பதும் சோதனை நடப்பதுமாக இருந்த காலத்தில், அங்கே ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை செய்த மாமா, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கே திரும்பி வந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர்கள் தந்த மஞ்சள் பிளாஸ்டிக் தட்டொன்றும் கூட வந்தது. சோறு போடுகிற தட்டில்லை பிள்ளைகளே, காற்றில் எறிந்து பிடிக்கிற தட்டு. அம்மா ஒருநாள் அதில் மிளகாய் காயவைத்து, எங்கள் கையெல்லாம் எரிந்தது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமைகளில், தோட்டத்து ஆட்களுக்குக் காலையில் பேர் போட்டு வேலை கொடுக்கிற பிரட்டுக்களத்தில்தான் விளையாட்டு. லயத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், உக்குவளைக் கடைத்தெருப் பிள்ளைகள் மறுபக்கம். தட்டைப் பிடித்தவர் ஓடக்கூடாது. எதிரில் நிற்பவன் பத்து எண்ணுவதற்குள் எறிந்துவிட வேண்டும். கடைசிக் கோட்டுக்கு அப்பால் நம் ஆள் பிடித்தால் ஒரு புள்ளி. வென்றவர்களிடம் அடுத்த ஞாயிறு வரை தட்டு இருக்கும். இது மாமா போட்ட சட்டம். பல வாரமாகத் தட்டு கடைத்தெருவிலேயே கிடந்தது.

கோட்டுக்குக் கிட்டப் போகும்வரை நாங்கள் கெட்டிக்காரர்கள்தான். அங்கே போனதும், பீலிக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது போல எல்லோரும் உள்ளே முண்டியடித்துக் கை நீட்டுவோம். கடைத்தெருப் பிள்ளைகள் நடுவில் நின்று, அவசரமே இல்லாமல் ஆறுதலாகத் தட்டிவிடுவார்கள்.

அன்று இரண்டு பக்கமும் சமம். கடைசிப் புள்ளி. கோட்டுக்குச் சற்று முன்னால் அண்ணன் கையில் தட்டு. மாமா கைதட்டி ஆட்டத்தை நிறுத்தினார்.

"ஏன்டா, எல்லாரும் உள்ளயே நின்னா அவன் எங்கடா எறியுறது? எடம் விடுங்கடா!"

அக்காவின் காதில் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம் வந்தார். "நீ எனக்கு எனக்குன்னு கத்திக்கிட்டே அண்ணனப் பாத்து ஓடியா. நிக்கவே கூடாது."

கடைசியில் என் அருமை தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு முன்னால் நின்ற பையன் இடப்பக்கத்தைக் கையால் அடைத்துக்கொண்டு, "எக்காய், தெக்காய்" என்று சிங்களத்தில் எண்ணத் தொடங்கினான். இனி வலப்பக்கம்தான் எறியலாம். அந்தப் பக்க மூலையில் நின்ற என்னை மறித்துக் காவல் நின்றவன், சில்லறைக்கடை நானாவின் மகன் நெட்டையன். அவனைத் தாண்டித் தட்டு போனதே கிடையாது.

"எனக்கு! அண்ணே, எனக்கு!"

தொண்டை கிழியக் கத்திக்கொண்டு மூலையை விட்டு வெளியே ஓடினேன். நெட்டையனும் என்னோடு ஒட்டிக்கொண்டே வந்தான். தட்டு என் தலைக்கு மேலால் போனது. திரும்பிப் பார்த்தால், வெறுமையாகக் கிடந்த அந்த மூலைக்கு இடப்பக்கத்திலிருந்து ஓடிவந்த அக்கா, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

எல்லோரும் அக்காவைத் தூக்கிக் குதித்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். "கூப்பிட்டது நான். குடுத்தது அவளுக்கு!"

நெட்டையன் மூச்சு வாங்க என்னிடம் வந்தான். "சரியான ஆளுடா நீ. ஒனக்குத்தான் வருதுன்னு நம்பிட்டேன்டா."

"போடா நெட்டையா!" கேலி செய்கிறான் என்று எனக்கு இன்னும் ஆத்திரம். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

வீட்டுக்குப் போகும்போது அக்கா கையிலிருந்த தட்டை மாமா வாங்கி என்னிடம் தந்தார். அடுத்த ஞாயிறு வரை அது உன்னிடமே இருக்கட்டும் என்றார். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிறார் என்றே நான் நினைத்தேன். அக்கா ஏன் ஒரு வார்த்தைகூடச் சண்டை பிடிக்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.