சிம்மக்கல் கிளிகளின் நெஞ்சில் போல்ட்

சிம்மக்கல்லில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் முகப்பை இன்று அலுமினியத் தகடு அடித்து மூடிவிட்டார்கள்.

சன்னலுக்கு மேலே சுண்ணாம்பில் செய்த இரண்டு கிளிகள் இருந்தன. இரண்டின் நெஞ்சிலும் போல்ட் இறக்கியிருக்கிறார்கள்.

அங்கே வாடகைக்கு வந்திருக்கும் பாத்திரக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஒடைக்கலியேண்ணே, மூடித்தானே வச்சிருக்கேன். உள்ள பத்திரமா இருக்கும்."

"நெஞ்சுல ஓட்டை போட்டுட்டுப் பத்திரம்ங்கிற. மழைத்தண்ணி உள்ள எறங்கினா சுண்ணாம்புச் சுவரு எம்புட்டு நாள் தாங்கும்?"

"அம்புட்டு அக்கறைன்னா பேத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கண்ணே" என்று சிரித்தார்.

ஐப்பசி மழைக்கு முன் அவர் தகட்டைக் கழற்ற வேண்டும். கட்டடத்தின் உரிமையாளர் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். சிமென்ட் பூசக் கூடாது. மாநகராட்சிப் பொறியாளர் வண்டியை விட்டு இறங்கி ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

அதுவரை அந்தக் கடையில் ஒரு கரண்டிகூட வாங்காமல் நீங்கள் இருக்க வேண்டும். முடியுமா, சொல்லுங்கள்.