அம்மா எடுத்த ஆறாவது படம்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் ஃபோட்டோக்காரர் என்னை அதட்டிவிட்டார். "மேடம், அசையாதீங்க!"

எனக்கா பாடம்? கேமரா முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பத்து வயதிலேயே படித்தவள் நான்.

1910 வாக்கில், அறுபது வருடத்துக்கு முன்னால் நடந்தது. அப்பா பாளையங்கோட்டையில் வாத்தியார். அண்ணன் ஜெபராஜுக்குக் கொழும்பில் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை தூத்துக்குடியில் கப்பல்.

"அவன் மொகம் ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்" என்றாள் அம்மா. எதையும் கேட்டு வாங்குகிற ஆளே இல்லை அவள்! அப்பா அலைந்து திரிந்து, தெரிந்த பாதிரியாரிடம் ஒரு பெட்டிக் கேமராவை இரவல் வாங்கி வந்துவிட்டார். ஃபிலிமில் ஆறே படம்தான்.

படத்தில் பின்னால் கௌரவமாக ஏதாவது தெரிய வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதனால் சனிக்கிழமை நாலு பேரும் ஒரு பள்ளிக்கூட மியூசியத்துக்குப் போனோம். நீளமான ஓர் அறை. பஞ்சடைத்த முதலை, கண்ணாடி அலமாரியில் பறவைகள், மூலையில் ஆதிச்சநல்லூர்ப் பக்கம் தோண்டியெடுத்த பெரிய தாழி.

தாழி பக்கத்தில் அண்ணன். க்ளிக். முதலை பக்கத்தில் அண்ணன். க்ளிக். இப்படியே ஐந்து!

அம்மா மெதுவாகச் சொன்னாள். "உள்ள ஒரே இருட்டா கெடக்கே. தாழியில உள்ள கீறல் நம்ம கண்ணுக்கே தெரியல. பெட்டிக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"ஏட்டி, ஒனக்கு இதப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஆனா இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அவன் நாளக்கழிச்சுப் போறான்."

அப்பா தாழியை ஒருமுறை குனிந்து பார்த்தார். கேமராவை அவள் கையில் கொடுத்தார்.

எங்கள் மூவரையும் வெளியே வாசற்படிக்குக் கூட்டி வந்தாள். வெயில் எங்கள் முகத்தில் விழும்படி நிறுத்தினாள். கை ஆடாமலிருக்கப் பெட்டியைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். குனிந்து பார்த்தாள். அண்ணன் முகம் அழுகிற மாதிரி இருந்தது.

"ஏலே, இந்த மூஞ்சியோட போனா கொழும்புக்காரன் அடுத்த கப்பல்லயே திருப்பி அனுப்பிருவான்!"

அண்ணன் சிரித்துவிட்டான். அப்பாவும்தான். க்ளிக்.

மெட்ராசில் கழுவி, பிரிண்ட் போட்டு, தபாலில் வருவதற்குள் அண்ணன் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஐந்து படங்களும் ஒரே கறுப்பு. ஆறாவதில்... அண்ணனின் பல் வரிசைகூடத் தெரிந்தது! அம்மா அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டி, "நம்ம வீட்டுக்காரி எடுத்தது" என்பார்.

நாலு வருடம் கழித்து அண்ணன் லீவில் வந்தான். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் காய்ச்சல் அம்மாவைக் கொண்டுபோயிருந்தது. அவளுக்கென்று ஒரு படம்கூட இல்லை. எங்களில் யாருக்கும் அது தோன்றவே இல்லையே...

அண்ணன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுலயும் அம்மா இல்லையேப்பா."

அப்பா அவன் தோளில் கை வைத்தார்.

"நல்லாப் பாருலே. நீ யாரப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கே?"