சுவரில் ஒட்டிய பிள்ளைகள்

நாவற்குடாவில் சீதேவிப்பிள்ளை டீச்சரின் வாய்க்குப் பயப்படாத ஆளில்லை. அப்பேர்ப்பட்டவருக்கே புது வருடம் பிறந்து பள்ளிக்கூடம் தொடங்கினால் பயம்தான். ஆறாந்தரத்துக்குப் பொறுப்பு அவர்தான். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளியை மட்டும் வைத்துப் பிள்ளைகளை ஏ, பி, சி என்று பிரித்து, பெயர்களைச் சுவரில் ஒட்டுவது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். பெயரைப் பார்த்த தகப்பன்மார் அங்கேயே பிள்ளைகளை அடிப்பதும் வழக்கமாகிவிட்டது. என்ன கேடுகெட்ட வழக்கமோ!

இந்த முறை வதனி சி வகுப்பில். அந்தப் பரீட்சையில் இரண்டாம் வினாத்தாள் எழுதும்போது காய்ச்சலில் மண்டபத்திலேயே மயங்கி விழுந்த பிள்ளை அவள். டீச்சர் அதிபரிடம் போய்ச் சண்டை பிடித்தார்.

“சேர், மூண்டு வருசத் தவணைப் புள்ளியையும் பாருங்க. கெட்டிக்காரப் புள்ள. ஒருநாள் காய்ச்சலுக்கு ஒரு வருசத் தண்டனையா?”

“ஒராளுக்குப் பார்த்தா எல்லாரும் வந்து நிப்பாங்க டீச்சர். சோதினைப் புள்ளிதான் அளவு. ஒட்டுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினார்.

பசை காயுமுன் வதனியின் தகப்பன் உதயரூபன் இடுப்புப் பட்டியை உருவிவிட்டான். ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் டீச்சரிடம் படித்தவன்.

“ஏ வகுப்பெண்டு ஊரெல்லாம் சொல்லி வெச்சன்டி! மானத்த வாங்கிப்போட்டாய்!”

முதல் அடி முதுகில். அடுத்தது காதில். பட்டியின் கொக்கி காதைக் கிழித்து வெள்ளைச் சட்டையில் இரத்தம் வழிந்தது. நின்ற சனம் சுவரில் தங்கள் பிள்ளைகளின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது.

டீச்சர் பாய்ந்து குறுக்கே விழுந்தார். ஓங்கிய கொக்கி அவர் புருவத்தைப் பிளந்தது. வலது கண்ணை இரத்தம் மூடியது. அப்படியே பட்டியைப் பறித்து அவன் முகத்தில் ஒன்று விளாசினார். கை கூசவில்லை.

“நீதானேடா அண்டைக்கு இவள ஆட்டோவில ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனாய்! மறந்திட்டியா?”

உதயரூபன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான். டீச்சர் நேரே அதிபரின் அறைக்குள் போய் மேசையில் பட்டியை எறிந்தார். இரத்தம் தெறித்தது.

“இந்தாங்க சேர், உங்கட அளவு.”

அன்று பின்னேரமே அதிபர் பெயர்களைக் கிழிக்கச் சொன்னார்; சுவர் வெறுமையானது. தவணைப் புள்ளிகளையும் பார்த்து, ஏ, பி, சி இல்லாமல் வகுப்புகளைக் கலந்துவிட்டார்கள். வதனி டீச்சரின் வகுப்புக்கு வந்தாள். வென்றுவிட்டோம் என்றுதான் டீச்சர் நினைத்தார்.

மறுநாள் காலை, கரும்பலகையில் திகதி எழுத டீச்சர் கையை உயர்த்தினார். முன் வாங்கில் உட்கார்ந்திருந்த வதனி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.