ஜெராம் சேற்றில் ஒரு சப்பாத்து

மண்டோர் வீராசாமி காலமான செய்தி, கும்பகோணத்தில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது. தொலைபேசியில் அவருடைய மகள் சரசு. "மாமா, அப்பா தவறிட்டாரு. நேத்து பசியாறிட்டு நாற்காலியில சாஞ்சாரு. அவ்வளவுதான்." வாயில் நுரையோடு நின்றேன். என் மனைவி கோமதி ரிசீவரை வாங்கி, அழுதபடியே கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

சரசு சொன்னாள்: "கருமக்கிரியைக்கு அப்பா நெனவா சின்னதா ஒரு புத்தகம் போடறோம் மாமா. தோட்டத்துல இருந்த எல்லாருக்கும் குடுக்கப்போறோம். நீங்க எழுதணும். அதான், ஜெராம் சேத்துல மாட்டிக்கிட்ட அப்பாவ நீங்க இழுத்துக் காப்பாத்தினீங்களே, அத எழுதுங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச கததான். ஆனா நீங்க எழுதினா நல்லா இருக்கும் லா."

ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருந்து, இன்று ரவாங்குக்கும் புஞ்சாக் ஆலாமுக்கும் பெயர்ந்துவிட்ட பெரியோர்களே, எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு என் வழக்கமும் தெரியும். நான் பார்த்த பல்லி, சொல்லும்போது உடும்பாகும், எழுதும்போது முதலையாகும். இந்த ஒரு முறை பல்லியைப் பல்லியாகவே எழுதப் பார்க்கிறேன். எழுபது வயதைத் தாண்டியவனுக்கு இது புதுத் தொழில். எங்காவது வால் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அந்தத் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலைக்கு நான் எஞ்சினியராக வந்தேன். நான் இறங்கியதும் மலேசியாவின் எண்ணெய் உற்பத்தியே தலைநிமிர்ந்தது என்று அப்போது எழுதியிருக்கிறேன். உண்மையில் கொதிகலன் இரண்டு முறை நின்றது. ஆலையை ஒட்டிய மரவீட்டில் நானும் கோமதியும். கல்யாணமாகி ஏழு மாதம். காலையில் எழுந்தால் எண்ணெய்க் காய் வேகும் வாசனை, படுத்தாலும் அதே வாசனை. முதல் மாதம் முழுவதும் கோமதி தகரக் கூரையில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டு ஊர் நினைப்பில் அழுதாள். நான் ஆறுதலாக என் பெருமைகளைச் சொன்னேன். அழுகை கூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. உள்ளே மண்டோர் வீராசாமி, அவர் மனைவி, நான்காம் வகுப்புப் படித்த சரசு. மண்டோர் என்றால் எங்கள் ஊர்க் கணக்கில் மேஸ்திரி. குலை வெட்டுகிற ஐம்பது பேரை வேலை வாங்குகிறவர். மடி நிறைய முருங்கைக்கீரையோடு அவர் மனைவி இறங்கினார். மண்டோர் இறங்கவே இல்லை. கார் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "என்னா தங்கச்சி, ஞாயித்துக்கெழம வீட்ல குந்தியிருக்கவா கப்பல் ஏறி வந்தீங்க? ஏறுங்க," என்றார். நாங்கள் விமானத்தில் வந்தவர்கள். அவருக்கு இந்தியாவிலிருந்து வருகிறவன் எல்லாம் கப்பல் ஏறி வந்தவன்தான். கோமதி அன்றே அவரை அண்ணே என்றாள். நான் 'மண்டோர்' என்றேன். மூன்று வருடமும் அப்படியே கூப்பிட்டேன்.

அதன் பிறகு ஞாயிறு என்றால் பயணம். கோல சிலாங்கூர் மலைக்குப் போய்க் கலங்கரை விளக்கத்தையும் குரங்குகளையும் பார்த்தோம். சுங்கை பெசார் போகும் வழியில் வயலைக் கண்டதும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, வரப்பில் நின்று அழுதுவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள் கோமதி. அதற்குப் பிறகு அவள் வீட்டில் அழுததாக எனக்கு நினைவில்லை. அந்தப் புண்ணியம் மண்டோருடையது.

இங்கே என் மாமனாரைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பச் சம்மதிக்காதவர். விமானம் ஏறும் அன்றுகூட, "இவரையே யாராவது பார்த்துக்கணும். இவர் எங்க என் பொண்ணைப் பார்த்துக்கப் போறார்," என்று என் காதில் விழும்படி சொன்னவர். அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லவே, ஊரில் ஒரு வார இதழுக்கு 'கடல் கடந்த கனவான்' என்ற தலைப்பில் பயணக் கட்டுரைகள் அனுப்ப ஆரம்பித்தேன். கனவான் நான்தான். மாமனார் வாரம் தவறாமல் அந்த இதழை வாங்குகிறவர்.

இனி ஜெராம்.

நீர் வடிந்த கடற்கரை. கண்ணுக்கு எட்டிய தூரம் கருஞ்சேறு. மலாய் மீனவர்கள் ஒரு நீளப் பலகையில் ஒற்றை முழங்காலை ஊன்றி, மற்றக் காலால் உந்தி, சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போய்க் கெராங் சிப்பி பொறுக்கினார்கள். நான் அவர்களைப் பார்த்து, காவிரிச் சேற்றில் பிறந்தவனுக்குப் பலகை எதற்கு என்றேன். வெள்ளைச் சட்டை, பழுப்பு நிறத் தோல் சப்பாத்து. "சார், சப்பாத்தயாவது கழட்டுங்க. இது வேற சேறு," என்றார் மண்டோர். நான் கேட்கவில்லை. அறுபது அடி போயிருப்பேன். அறுநூறு என்று எழுதக் கை துடிக்கிறது, அறுபதுதான். முழங்கால் மூழ்கியது. இழுத்தேன், தொடை மூழ்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடல் திரும்பிவிட்டது. கணுக்கால் உயரத் தண்ணீர்தான், ஆனால் நடந்து வருவதுபோல் வந்தது.

நான் கத்தினேன். "அம்மா" என்று கத்தினேன். கரையில் மனைவி நிற்கிறாள், சின்னப் பெண் சரசு நிற்கிறாள் என்ற வெட்கமே இல்லை.

மண்டோர் ஒரு மீனவரிடம் பலகையை வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் அது பழக்கமில்லை. இரண்டு முறை கவிழ்ந்து, முகமெல்லாம் சேறாக எழுந்து வந்தார். பக்கத்தில் வந்ததும் கையைக் கொடுப்பார் என்று நீட்டினேன். கொடுக்கவில்லை. "படுத்துக்குங்க சார்," என்றார்.

"சேத்துலயா?"

"பின்ன மெத்தையிலயா? நிமிந்து நின்னா உள்ளதான் போவீங்க. படுத்தாதான் சேறு விடும்."

சட்டை வெள்ளை என்று சொன்னேன். உயிர் போகிற நேரத்தில் நான் சொன்ன வார்த்தை அது. அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தங்கச்சி பாத்துக்கிட்டு இருக்கு. படுங்க," என்றார். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது படுத்தேன். என்னைப் பலகையில் குப்புற ஏற்றி, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே கரை சேர்த்தார். கூடிவிட்ட கூட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, "ஒண்ணும் இல்ல, சார் கெராங் எப்படி இருக்கும்னு பாக்கப் போனாரு," என்று சொல்லி, ஒரு தகரம் நல்ல தண்ணீர் வாங்கி என் தலையில் ஊற்றினார். கரைக்கு வந்த பிறகுதான் என் காலில் சப்பாத்து இல்லை என்பதே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கொடுத்தார். என் இடது சப்பாத்து. தண்ணீர் வடிந்த ஒரு நாளில் தனியாகப் போய், பலகை வாங்கி, தேடி எடுத்துக் கழுவிக் காயவைத்திருக்கிறார். "வலது அகப்படல சார். கடலுக்கு ஒண்ணு இருக்கட்டும்," என்றார்.

அந்தச் சப்பாத்தை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் அந்த வாரக் கட்டுரையை எழுதினேன். அதில் சேற்றில் இறங்கியவர் மண்டோர் வீராசாமி. "அம்மா" என்று அலறியவர் மண்டோர் வீராசாமி. பலகையில் பாய்ந்து போய் அவரை மீட்ட கனவான் நான். கடல் கழுத்து வரைக்கும் வந்தது. வந்ததும் வராததுமாக ஒரு முதலையும் எட்டிப் பார்த்தது.

தபாலில் சேர்ப்பதற்கு முன் கோமதி படித்தாள். "பேரையாவது மாத்தியிருக்கலாமே," என்றாள்.

"அந்த இதழ் இங்கே வராது. வந்தாலும் தோட்டத்தில் யார் படிக்கப் போகிறார்கள்," என்றேன்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகளைப் பற்றி, படித்துவிட்டு விமானமேறி வந்தவன் நினைத்தது இது. அந்த இதழ் வந்தது. கோல சிலாங்கூர் டவுனில் பாய் கடைக்கு இரண்டு மாதம் தாமதமாக வரும். வந்த அன்றே தோட்டத்து முடிதிருத்தும் கடைக்குப் போய்விடும். அங்கே ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். ஆலையில் என் அறிக்கைகளை அத்தனை கவனமாக யாரும் படித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை முடிவெட்டப் போனேன். வாசலிலேயே என் எழுத்து நடை காதில் விழுந்தது. அந்த அலறல் வரியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க சார், ஒங்க கததான் ஓடுது," என்றார் கடைக்காரர். அவர் கையில் சவரக்கத்தி. நாற்காலியில், பாதி முகம் சோப்பு நுரையோடு மண்டோர்.

பெஞ்சில் இருந்த ஒருவர் கேட்டார்: "ஏன் மண்டோரே, அம்மா அம்மானு கத்தினீங்களாமே? எங்களதான் அந்த அதட்டு அதட்டுறீங்க."

கடையே சிரித்தது. எதிர்க் கண்ணாடியில் மண்டோரின் கண்களும் என் கண்களும் சந்தித்தன. நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. மூன்று மொழியில் பேசத் தெரிந்தவன், ஒரு மொழியிலும் பேசவில்லை. அவர்தான் பேசினார். "கத்தினா என்னா லா? உசுருக்குப் பயப்படாதவன் எவன் இருக்கான்? நீங்க சவரத்தப் பாருங்க தம்பி."

மறுநாள் ஞாயிறு. கார் வராது என்று நினைத்தேன். வரக் கூடாது என்றுகூட நினைத்தேன். வழக்கமான நேரத்துக்கு வந்தது. "பசியாறிட்டீங்களா சார்? சுங்கை பெசார்ல நல்ல மீன் வந்திருக்காம்." அவ்வளவுதான். நான் முன் இருக்கையில் ஏறினேன். கோமதி வழி முழுவதும் மண்டோரோடு மட்டுமே பேசிக்கொண்டு வந்தாள்.

ஒரு முறைதான் தவறினேன் என்று எழுத ஆசை. குரங்கு பறித்தது என் மூக்குக்கண்ணாடியை. கட்டுரையில் அது மண்டோரின் வேட்டி. படகில் வாந்தி எடுத்தவன் நான், கட்டுரையில் அவர். மாமனாரிடமிருந்து "மாப்பிள்ளைக்குப் பிரியமுடன்" என்று கடிதங்கள் வரத் தொடங்கியிருந்தன. கைகள் நிற்கவில்லை. தோட்டத்தில் அவருக்குச் 'சேத்து மண்டோர்' என்று பெயர் விழுந்தது. குலை வெட்டுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். சரசு, உன்னைப் பள்ளியில் 'சேத்து மண்டோர் மவ' என்று கூப்பிட்டார்கள் என்று கோமதி என்னிடம் சொன்னபோது, நான் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தவில்லை.

ஒப்பந்தம் முடிந்து நாங்கள் ஊர் திரும்பினோம். எண்பதுகளின் கடைசியில் மண்டோர் கோயில் யாத்திரையாகத் தமிழ்நாடு வந்தார். ஒரு நாள் எங்கள் வீட்டில் தங்கினார். இலை போட்டுச் சாப்பிடும்போது மாமனார் அவரையே உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கதானே அந்தச் சேத்துல மாட்டினவர்?" என்றார்.

கோமதி கரண்டியோடு அப்படியே நின்றாள். மண்டோர் சோற்றைப் பிசைந்தபடி, நிதானமாகச் சொன்னார்: "ஆமாங்கய்யா. ஒங்க மருமகன் இல்லாட்டி நான் இன்னிக்கி இங்க ஒக்காந்து சாப்பிட மாட்டேன்."

மாமனார் என் தோளில் கை வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக. நான் அந்தக் கையைத் தோளில் தாங்கிக்கொண்டு, புன்னகைத்து, ரசம் கேட்டேன்.

அவரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் வர இருபது நிமிடம் இருந்தது. மன்னிப்புக் கேட்க இரண்டு நிமிடம் போதும். அந்த இருபது நிமிடமும் கும்பகோணம் ரயில் நிலையத்தின் வரலாற்றை, சோழர் காலத்திலிருந்து, அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். வண்டியில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்த பிறகு சொன்னார்: "மாமனார்கிட்ட இப்பப் போயி மாத்திச் சொல்லாதீங்க சார். வயசான காலத்துல அந்த மனுசன் சந்தோசமா இருக்காரு. எனக்கென்ன, அங்க ஒரு தோட்டமே என்னைத் தெரிஞ்சவங்க."

அந்தத் தோட்டம்தான் அவரைவிட என் எழுத்தை நம்பியது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

மாமனார் போய்ப் பல வருடமாகிறது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு தீபாவளிக்கும் மண்டோருக்கு வாழ்த்து அட்டை எழுதினேன். அட்டையில் இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரசு, உன் அப்பா உனக்குக்கூட உண்மையைச் சொல்லவில்லை என்பது நீ தொலைபேசியில் பேசியபோதுதான் எனக்குத் தெரிந்தது. சின்னப் பெண்ணாகக் கரையில் நின்று பார்த்தவள் நீ. ஊர் முழுவதும் படித்துப் படித்து, நீ கண்ணால் கண்டதையே மாற்றிவிட்டது என் கதை. ஆகவே உன் புத்தகத்தில், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். சேற்றில் நின்றவன் நான். கத்தியவன் நான். உன் அப்பா பலகையில் வந்தார்.

முதலை வரவே இல்லை.

அந்த இடது சப்பாத்து இன்னும் என்னிடம் இருக்கிறது. தோல் வெடித்துவிட்டது, ஓரத்தில் உப்புக் கோடு போகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதன் ஜோடியை முதலை தின்றுவிட்டதாகச் சொல்லி வந்தேன். இன்று காலை கோமதி அதைத் துடைத்து என் மேசைமேல் வைத்தாள். இதை எழுதி முடிக்கும் வரை எடுக்கக் கூடாது என்றாள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சப்பாத்தும், 'படுங்க' என்ற ஒரு வார்த்தையும்.

அண்ணே, படுத்துவிட்டேன். பலகையைத் தள்ளுங்கள்.